ஸ்ட்ராவும் இருபத்தைந்து கொசுக்களும்

சென்னையில் பிறந்து வளர்ந்து, ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் அறுபது வயது வரை வந்த மனிதர் ஒருவர்தான். அவர் வேலை பார்த்தது கொசு ஒழிப்பில்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூடவே இருபது வருஷம் இருந்தவன் நான். கழுத்தில் கடிக்கும். கன்னத்தில் கடிக்கும். அவர் கை எழாது. கொசு சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து குழாயை எடுப்பார். ஒரே உறிஞ்சு. கொசு உள்ளே. பாயசம் குடித்தவர் மாதிரி முகத்தில் ஒரு திருப்தி.

அந்தக் குழாயால்தான் அவர் பெயர் ஸ்ட்ரா. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

ஒரு சாண் கண்ணாடிக் குழாய். அதன் பின்னால் ரப்பர் குழாய். நடுவில் ஒரு துண்டு வலைத்துணி, கொசு வாய்க்குள் போகாமல் இருக்க. ரப்பர் முனையை வாயில் வைத்து, கண்ணாடி முனையைக் கொசுவின் மேல் காட்டி உறிஞ்ச வேண்டும். உயிரோடு பிடிக்க இதுதான் வழி. உயிரோடு பிடித்தால்தான் எது மலேரியா கொசு, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க முடியும். அது அவர் உத்தியோகம். என் உத்தியோகம் புகை மிஷின். டீசலில் மருந்து கலந்து, தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் புகை விடுவேன். அவர் காப்பாற்றுவார், நான் கொல்லுவேன். இரண்டுக்கும் ஒரே ஆபீஸ். மயிலாப்பூரில் ஆபீஸ் கட்டடம், பக்கத்தில் மிஷின் ஷெட், ஷெட்டுக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை.

அவரை முதலில் பார்த்தது ஒரு மாட்டுக் கொட்டகையில். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு மாடு கட்டியிருந்தார்கள். விடிகாலை. ஒரு ஆள் மாட்டு வயிற்றுக்குக் கீழே குனிந்து, வாயில் குழாயோடு இருந்தார். பால் திருடுகிறான் என்று நினைத்தேன். மாட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல் துலக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"அவரா? அவரு மாட்டுக்கு வரல. மாட்டு மேல இருக்கிறதுக்கு வந்திருக்காரு" என்றார்.

அவர் அடையாள அட்டையில் இன்செக்ட் கலெக்டர் என்று போட்டிருக்கும். பூச்சி பிடிப்பவர், அவ்வளவுதான். அபிராமபுரத்தில் ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் அட்டையைக் காட்டினார். வாட்ச்மேன் அட்டையில் பாதியைத்தான் படித்தான். இன்டர்காமில் கலெக்டர் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டான். மூன்றாம் மாடியில் ஒரு மாமா அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் மாமி. ஸ்ட்ரா வணக்கம் சொல்லிவிட்டு, வீட்டில் கொசு இருக்கிறதா, இருந்தால் வேண்டும் என்றார்.

"எங்காத்துல கொசுவே கிடையாது. வேணும்னா பக்கத்து ஃபிளாட்ல கேட்டுப் பாருங்கோ" என்றாள் மாமி.

ஸ்ட்ரா மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர் டேங்க் மூடி விரிசல் விட்டிருந்தது. ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு கொண்டுவந்து மாமியிடம் காட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

"ஐயோ, நாங்க புழங்கற ஜலமாச்சே."

"அதான் மாமி. இது சாக்கடைப் பக்கம் போவாது. நல்ல தண்ணியிலதான் முட்டை வுடும். உங்க டேங்க் அவ்ளோ சுத்தம்."

இது பாராட்டா திட்டா என்று முடிவு செய்ய மாமிக்கு நேரம் பிடித்தது. கடைசியில் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது, எங்காத்துது எப்படி இருக்கு என்று விசாரித்தாள். ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளையை விசாரிப்பது போல. அதற்கும் அடுத்த வாரம் டேங்குக்குப் புது மூடி போட்டார்கள். ஸ்ட்ரா முகம் வாடிவிட்டது. நல்ல இடம் ஒன்று போச்சு என்றார். மூடி போடச் சொன்னவரே அவர்தான்.

அவர் அறைக்குள் நாங்கள் யாரும் விருப்பப்பட்டுப் போகமாட்டோம். பீங்கான் தட்டுகளில் புழு. வலைக் கூண்டுகளில் கொசு. புழுவுக்கு பிஸ்கட் தூள். கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. ஞாயிற்றுக்கிழமை உலர்ந்த திராட்சை. எங்களுக்கு டீக்குக்கூட பிஸ்கட் கிடையாது. எங்கள் மேஸ்திரி ஒரு நாள் ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுவிட்டார். ஸ்ட்ரா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சித்திரை வெயிலில் கூண்டுகளுக்கு ஈரத் துண்டு போர்த்துவார். அவர் தலைக்கு மேல் மின்விசிறி ஓடாது. காற்று அடித்தால் கொசுவுக்கு ஆகாதாம். கொசுவத்தி, சென்ட், ஊதுபத்தி எதுவும் அறைப் பக்கம் வரக்கூடாது. ஆயுத பூஜைக்கு நாங்கள் புகை மிஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து சாம்பிராணி காட்டுவோம். தட்டு அவர் அறை வாசலுக்கு வந்தால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொள்வார். சாமிக்குப் பொரி போதும், புகை வேண்டாம் என்பார்.

பஸ்ஸில் அவரோடு போவது கஷ்டம். ஒரு சாயங்காலம் தி.நகர் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு ஆள் தன் கையில் பட்டென்று அடித்தார். ஸ்ட்ரா எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையைத் திருப்பாதே, ரெக்கையில் புள்ளி கீதா பார்க்கணும் என்றார். அந்த ஆளின் மனைவி பயந்து ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். ஸ்ட்ரா லென்ஸ் வைத்துப் பார்த்தார். சாதாரணக் கொசு, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். மலேரியா கொசு எப்படி உட்காரும் என்று பிறகு எனக்குச் செய்து காட்டினார். தலையைக் கீழே குத்தி, பின்பக்கத்தைத் தூக்கி. ஓடும் பஸ்ஸில். கண்டக்டர் எங்கள் இருவரையும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளச் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பிழைப்பு ஒரு நாள் போய் மாட்டிக்கொண்டது.

அபிராமபுரம் பக்கம் ஒரு தெரு. அங்கே மலேரியா வந்தது. ஒரு வீட்டில் ஆரம்பித்து நாலு வீடு. மூன்று தடவை போய்ப் புகை விட்டேன். காய்ச்சல் நிற்கவில்லை. மூன்றாவது தடவை, நான் புகை விட்டு நகர்ந்ததும் ஒரு இளைஞன் போனில் வீடியோ எடுத்துவிட்டான். புகை கலைகிறது. காம்பவுண்டுச் சுவரில் ஒரு கொசு. தலையைக் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, சுகமாக உட்கார்ந்திருக்கிறது. கீழே எழுதியிருந்தான்: மருந்தை விற்றுவிட்டு வெறும் டீசல் புகை விடுகிறார்கள்.

அது ஊர் சுற்றி எங்கள் பெரியசாரிடம் வந்தது. ஆபீசுக்கே அவர்தான் தலை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதில் எழுதியாக வேண்டியவர். என்னைக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினார்.

"மருந்து எங்கய்யா போச்சு?"

"அதுலதான் சார் இருந்துச்சு."

"இருந்தா ஏன் சாகல?"

மருந்து அடித்தால் கொசு சாகும். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை விசாரணை என்றார். அதற்குள் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம். நான் நிரந்தர ஊழியன் இல்லை. வராதே என்று சொன்னால் வராமல் இருக்க வேண்டியதுதான்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு, நீ வித்தியா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் கேட்கவில்லை. ஆபீசில் இரண்டே நாளில் எனக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. டீசல்.

ஸ்ட்ரா மட்டும் அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தார். திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொசு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ வித்திருக்க மாட்ட நைனா. உனக்கு அவ்ளோ தெகிரியம் கெடையாது."

"ரொம்ப சந்தோஷம்."

"மருந்தும் நல்லாத்தான் கீது. கொசுதான் வேற."

எனக்குப் புரியவில்லை. குடிகாரன் மாதிரி பழகிப் போச்சா என்று கேட்டேன். முதலில் கொஞ்சம் குடித்தாலே விழுவான், பத்து வருஷம் போனால் முழு பாட்டிலைக் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவான். அப்படியா என்றேன்.

"அப்படி இல்ல. ஒரு கொசு இன்னா, பத்து வருசமா உயிரோட இருந்து பழகுது? நீ மருந்து அடிக்கிற. சாவுறது செத்துடும். ஆயிரத்துல ஒண்ணு சாவாது. அது முட்டை வுடும். நீ மறுபடி அடிக்கிற. மறுபடி அதான் மிச்சம். இப்ப அந்தத் தெருவுல கீறதெல்லாம் சாவாததோட பேரன் பேத்திங்க. நீ நல்லா வேல செஞ்சதாலதான் இப்படி ஆச்சு."

இருபது வருஷத்தில் என் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு பெரியசாரிடம் போக முடியாது. டெஸ்ட் வைத்துக் காட்டுவோம் என்றார் ஸ்ட்ரா.

அந்தத் தெருவுக்குப் போனோம். ஸ்ட்ரா டேங்க் டேங்காக ஏறினார், கிணறு கிணறாக எட்டிப் பார்த்தார். ஜனங்கள் என்னைப் பார்த்து முறைத்தார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புழுக்களை வாளியில் கொண்டுவந்து தட்டில் விட்டார். ஒரு வாரத்தில் அவை கொசுவாகிப் பறந்தன. பெண் கொசுக்களை மட்டும் பிரித்து எடுத்தார். அந்த ஒரு வாரம் அந்தப் புழுக்களுக்கு பிஸ்கட் வாங்கித் தந்தது நான்.

டெஸ்ட் எளிதுதான். சிவப்புப் புள்ளி வைத்த குழாயில் மருந்து தடவிய காகிதம். பச்சைப் புள்ளி வைத்ததில் வெறும் காகிதம். இரண்டிலும் இருபத்தைந்து இருபத்தைந்து கொசு. ஒரு மணி நேரம். பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி, சர்க்கரைப் பஞ்சு கொடுத்து, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் எண்ண வேண்டும்.

பச்சை எதற்கு, அதில்தான் மருந்தே இல்லையே என்று கேட்டேன்.

"சிவப்புல செத்தா, மருந்துல செத்துதா, வெயில்ல செத்துதா, பசியில செத்துதான்னு எப்படித் தெரியும்? பச்சை உயிரோட இருந்தாதான் சிவப்பு சொல்றது செல்லும். பச்சை செத்தா எல்லாம் போச்சு நைனா."

வியாழக்கிழமை டெஸ்ட் வைத்தார். சிவப்பை ஒரு மேஜையில் வைத்தார். மருந்து வாடை பட்டுவிடக் கூடாது என்று பச்சையை எதிர்மூலையில் வேறு மேஜையில் வைத்தார். சாயங்காலம் துணி துவைக்க வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். நான் கிளம்பும் முன் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன்.

பச்சை மேஜையில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

சர்க்கரைப் பஞ்சுக்கு வந்த எறும்பு. வரிசையாக வந்தது. கொசுவை எறும்பு தின்றால் என் வேலையையும் தின்றது போலத்தான். டீ போடும் இடத்துக்கு ஓடினேன். அலமாரியில் எறும்பு சாக்கு இருந்தது, கோடு போட்டால் எறும்பு தாண்டாத சாக்பீஸ். எடுத்துவந்து குழாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். போதுமோ என்று சந்தேகம். இன்னொரு வட்டம் போட்டேன். மேஜையெல்லாம் தூளாக இருந்தது. ஸ்ட்ராவுக்கு அழுக்குப் பிடிக்காது. வாயால் ஊதிச் சுத்தம் செய்தேன்.

அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை எண்ணுகிற நேரத்துக்கு ஸ்ட்ரா சிவப்புக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். மருந்தில் ஒரு மணி நேரம் இருந்த கொசுக்கள். அஞ்சாறு கீழே கிடந்தன. மற்றதெல்லாம் சுவரில் உட்கார்ந்திருந்தன. எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஸ்ட்ரா எதிர்மூலைக்குப் போனார்.

பச்சையில் இருபத்தைந்தும் செத்துக் கிடந்தன.

மருந்து பட்டவை உயிரோடு. மருந்தையே பார்க்காதவை மொத்தமாகச் சாவு. இப்படி ஒரு டெஸ்டை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்ட்ரா குழாயைக் கீழே வைத்தார். மேஜையில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் வெள்ளையானது.

"யாரு?"

"நான்தான். எறும்பு வந்துச்சு."

"இருபது வருசமா மருந்து அடிக்கிற. சாக்குல இன்னா கீதுன்னு தெரியாதா?"

"அது எறும்புக்குன்னு நெனச்சேன்."

"எறும்புக்கா கொசுவுக்கான்னு சாக்குக்கு எப்படித் தெரியும்?"

அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். நானும் உட்கார்ந்தேன். விரலைத் துடைத்துக்கொண்டே அவரே சொன்னார். நாம் அடிக்கிற மருந்து வேறு, சாக்கில் இருப்பது வேறு. அதற்கு இதுகள் இன்னும் தப்பிக்கவில்லை. நல்ல தகவல்தான் என்றார். எனக்குத் தகவல் வேண்டாம். வேலை வேண்டும்.

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"பச்சை உயிரோட இருந்துச்சுன்னு எழுதிடு. உண்மையும் அதுதானே. சாக்கு இல்லன்னா உயிரோடதானே இருந்திருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"எனக்குப் பசங்க கீறாங்கப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொசுக் கணக்கு எழுதும் ரிஜிஸ்டரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா இதுல எழுதிக்கினு வரேன். ஒரு கொசு செத்ததை உயிரோடன்னு எழுதுனதில்ல. நாளிக்கு ஒண்ணு பொய்யின்னு தெரிஞ்சா, மிச்சம் எழுதுனதெல்லாம் பொய்யாப்பூடும். அப்புறம் கொசு மருந்துக்குச் சாவலன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? உன்னையும் எவன் நம்புவான்?"

நான் எழுந்து போய்விட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கொசுவுக்கு உண்மையாக இருக்கிற மனிதன், கூட வேலை செய்கிறவனுக்கு இருக்கமாட்டானா என்று. அவரை வெறுத்தது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை காலை பெரியசார் அறை. நான் நின்றேன். மேஸ்திரி நின்றார். ஸ்ட்ரா ரிஜிஸ்டரோடு வந்தார். கைக்கு ஒன்றாக இரண்டு வலைக் கூண்டு தொங்கியது. டெஸ்ட் செல்லாது சார் என்று சொல்லி ரிஜிஸ்டரை விரித்து வைத்தார்.

பெரியசார் படித்தார். ஸ்ட்ராவை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க சர்வீசுக்கு இது அசிங்கமா இல்ல?"

ஸ்ட்ரா தலையைக் குனிந்துகொண்டார். டெஸ்ட் கெட்டுப்போனதற்குத் திட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்காகவா திட்டு வாங்குகிறார், அவர் பிடிவாதத்துக்குத்தானே வாங்குகிறார் என்றும் நினைத்தேன்.

"அப்ப நிரூபிக்க முடியல" என்றார் பெரியசார். என் பக்கம் திரும்பினார்.

"சார்" என்றார் ஸ்ட்ரா. "அதே தெருக் கொசு அம்பது மிச்சம் கீது. சீல் ஒடைக்காத மருந்து ஸ்டோர்ல கீது. நீங்களே ஒடைங்க. நீங்களே கலக்குங்க. நீங்களே அடிங்க. இவன் கிட்டயே வர வேணாம்."

அவருக்கும் பதில் எழுதியாக வேண்டும். சரி என்றார்.

ரெக்கார்டு ரூமில் ஒரு கூண்டைத் தொங்கவிட்டார்கள். பெரியசார் கையாலேயே சீலை உடைத்தார். அளந்தார். கலக்கினார். மிஷினைத் தோளில் மாட்டினார். ஆனால் அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. முதல் புகை ரெக்கார்டு ரூமுக்குப் போகவில்லை. நேராக அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போனது. மொத்த ஆபீசும் முகத்தைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. பக்கத்து ஃபிளாட்டில் யாரோ தீப்பிடித்துவிட்டது என்று கத்தினார்கள். இரண்டாவது முயற்சியில் அறை நிறைந்தது. கதவைச் சாத்தினார்கள்.

இன்னொரு கூண்டு பச்சை. மருந்து படாதது. அதை வாசலில் வாட்ச்மேன் கொட்டகையில் ஒரு ஸ்டூலில் வைத்தார் ஸ்ட்ரா. ஸ்டூலின் நாலு காலுக்கும் நாலு டப்பாவில் தண்ணீர். மேலே ஈரத் துண்டு. என் சட்டையைக் கழற்றச் சொன்னார். இருபது வருஷ மருந்து அதில் ஊறியிருக்கிறது என்றார். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். பிறகு பனியனோடு என்னை எதிரில் உட்கார வைத்தார்.

"இத்தத் தொடாத. ஊதாத. எதையும் சுத்தம் பண்ணாத. உக்காரு, போதும்."

உட்கார்ந்தேன். எத்தனை லட்சம் கொசுவைக் கொன்றிருப்பேன் தெரியாது. அன்று இருபத்தைந்து கொசு உயிரோடு இருக்க வேண்டும் என்று கபாலியிலிருந்து மருந்தீசர் வரை தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினேன். ஒன்று கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் மூக்கு கூண்டில் படுகிற அளவுக்குக் குனிந்தேன். அது காலை நகர்த்தினால் நிமிர்ந்தேன்.

மத்தியானம் வாட்ச்மேன் சாப்பிட்டுவிட்டு வந்தான். துண்டைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணே, இன்னா இம்மாங் கொசு" என்று சொல்லி, ஆணியில் தொங்கிய கொசு பேட்டை எடுத்து சுவிட்சை அழுத்தினான். நான் எழுந்த வேகத்தில் அவன் பின்னால் இருந்த நாற்காலியோடு சேர்ந்து விழுந்தான். பேட்டைப் பிடுங்கி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். ஸ்ட்ராவைப் பற்றி இத்தனை வருஷம் நாங்கள் நினைத்ததும் அதேதான்.

புகை விட்டு ஒரு மணி நேரத்தில் பெரியசார் கதவைத் திறக்கச் சொன்னார். கொசுக்கள் உட்கார்ந்திருந்தன. இது போதுமே என்றார். ஸ்ட்ரா போதாது என்றார். நாளைக்கு இதே நேரம்தான் கணக்கு. நாளை ஞாயிறு என்றார் பெரியசார். கொசுவுக்கு ஞாயிறு கிடையாது சார் என்றார் ஸ்ட்ரா. அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியசார் காய்கறிப் பையோடு வந்தார். எண்ண ஆரம்பித்தார்கள். ரெக்கார்டு ரூம் கூண்டில் ஆறு செத்திருந்தன. பதினெட்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றைக் காணோம். தேடினோம். கூண்டுத் துணி முடிச்சு நெகிழ்ந்திருந்தது. அப்போது பெரியசார் கழுத்தில் சுரீரென்றது. கையை ஓங்கினார்.

ஸ்ட்ரா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஒரு சாதாரணப் பூச்சிக்காரர், ஆபீசுக்கே தலையானவரின் கையை.

"அடிக்காதீங்க சார். அது கணக்குல கீது."

பெரியசார் கல் மாதிரி நின்றார். கொசு நிதானமாகக் குடித்தது. ஸ்ட்ரா குழாயை எடுத்து அவர் கழுத்தில் வைத்து உறிஞ்சினார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பெரியசார் தன் ரத்தம் போவதைத் தானே பார்த்தார். தன் கையால் கலக்கிய மருந்தில் குளித்த கொசு அது.

"பத்தொம்பது உயிரோட" என்றார் ஸ்ட்ரா.

பிறகு பச்சைக் கூண்டு. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஸ்ட்ரா ஒவ்வொன்றாக எண்ணுவது காதில் விழுந்தது. இருபத்திநாலு என்று சொல்லி நிறுத்தினார்.

"ஒண்ணு போச்சு. இருபத்தஞ்சுல ஒண்ணு தானாப் போவும். செல்லும்."

பெரியசார் அங்கேயே என் பெயரில் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காய்கறிப் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பிறகு வேறு இடத்திலிருந்து படித்தவர்கள் வந்து அவர்கள் முறையில் பார்த்தார்கள். ஸ்ட்ரா சொன்னதையே இங்கிலீஷில் சொன்னார்கள். மருந்து மாறியது. ஸ்ட்ராவுக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. இதுக்கும் தப்பிக்கும் நைனா, டேங்க்குக்கு மூடி போடறதுதான் வேல என்றார். அந்தத் தெருவில் ஒவ்வொரு மூடியாகப் போட வைத்தார். காய்ச்சல் நின்றது. டீசல் என்ற பெயர் மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த வருஷம் ஸ்ட்ராவுக்கு ஒரு மெமோ வந்தது. எதற்கு என்று கேட்டேன். ஏதோ துண்டு வாங்குன விஷயம் என்று சொல்லிவிட்டுக் கொசுவுக்குத் திராட்சை நறுக்கப் போய்விட்டார்.

போன வருஷம் ரிடையர் ஆனார். இப்போது திருவான்மியூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் அறையைக் காலி செய்யும் வேலை எனக்கு வந்தது. பழைய ரிஜிஸ்டர்களை மூட்டை கட்டி எடைக்குப் போடச் சொன்னார்கள். கட்டும்போது அந்த வாரத்து ரிஜிஸ்டர் கையில் வந்தது. எனக்குப் படிப்பு குறைவு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உட்கார்ந்து படித்தேன்.

சிவப்பு: பத்தொன்பது உயிர். பச்சை: இருபத்தைந்தும் மரணம். டெஸ்ட் செல்லாது. காரணம்: எறும்பு சாக்கு.

அதற்குக் கீழே ஒரு வரி. போட்டது: நான். பக்கத்தில் அவர் கையெழுத்து.

நான் என்று எழுதியிருந்தது அவரை. சாக்கு போட்டது நான் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். டெஸ்டைக் கெடுத்தவனும் அவனேதான் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டாவது டெஸ்டுக்கு யார் சரி சொல்லியிருப்பார்கள். கொசுவைப் பற்றி ஒரு எழுத்து பொய் எழுதமாட்டேன் என்றவர் கொசுவைப் பற்றிப் பொய் எழுதவில்லைதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தார். அதற்குத்தான் மெமோ.

அந்த ஒரு ரிஜிஸ்டர் மூட்டையில் போகவில்லை. எங்கே என்று ஆபீசில் யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று சொல்லுவேன். அவருக்காக அந்த ஒரு பொய்யாவது நான் சொல்ல வேண்டாமா.